படிக்கட்டுச் சுவரில் மூன்று கண்ணாடிகள்

செப்டம்பர் 4

ஆமாம், மூடச் சொன்னது நான்தான். வேறு யார் சொல்வார்கள்? நகராட்சியில் இந்தப் படிக்கட்டுக்குப் பொறுப்பான பொறியாளர் நான்.

மலைச்சரிவில் ஏறும், ஊரிலேயே பழைய படிக்கட்டு. அதை ஒட்டிய தாங்குசுவரில் ஒரு விரிசல். அதன் குறுக்கே மூன்று இடங்களில் மெல்லிய கண்ணாடிப் பட்டைகளைச் சாந்து வைத்து ஒட்டியிருந்தேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இன்று காலை கீழ்ப்பட்டை உடைந்திருந்தது.

சுவருக்கு மேலே அத்தை வீடு.

செப்டம்பர் 5

எல்லோரும் மலையைச் சுற்றிச் சாலை வழியாக நடக்கிறார்கள். அத்தை போனில்: "படிச்சு வேலைக்குப் போய், மொத வேலையா அத்தை வீட்டு வழியைத்தான் அடைச்சிருக்கே. நல்லா இரு." வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 7

மேலதிகாரி: "சுவர் நகருதுன்னா மேல இருக்கற வீட்டைக் காலி பண்ணச் சொல்லி எழுதிடும்மா. இந்த வாரத்துக்குள்ள வேணும்."

மற்ற இரண்டு பட்டைகளும் முழுசாக இருக்கின்றன. சுவர் கீழே மட்டும் நகருமா? நகரலாம். கல்லூரிக் காலம் முழுக்க எனக்குச் சோறு போட்ட வீடு —

எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

செப்டம்பர் 8

தூக்கமே இல்லை.

செப்டம்பர் 9

மாமா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தக் கண்ணாடிய ஒடச்சது சுவரு இல்லம்மா. நான்தான்."

கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். மூச்சு வாங்கியதாம். சுவரில் சாய்த்தாராம். டக்கென்று சத்தம்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா!"

"ஆபரேஷனுக்கு அப்புறம் பாரம் தூக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். ஆள் வந்து வெச்சுட்டுப் போனான்னு உங்க அத்தைகிட்ட சொல்லிட்டேன்."

"வீடே போகப்போகுது. அத்தைக்குப் பயந்தா வாய மூடிட்டு இருந்தீங்க?"

"நீ அவகூடக் குடும்பம் நடத்தினதில்ல."

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகுதான் சந்தேகம் வந்தது. நிஜமா? வீட்டைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா? நம்ப ஆசையாக இருக்கிறது. அதனாலேயே நம்பப் பயம்.

செப்டம்பர் 10

கீழே புதுப் பட்டை ஒட்டினேன். அவகாசம் கேட்டேன். "சரி, ஒரு மழை பார்த்துடலாம்" என்றார் மேலதிகாரி.

செப்டம்பர் 14

மழை.

செப்டம்பர் 15

மழை விடவில்லை. குடையோடு சுவருக்கு எதிரே நின்றேன். யாரோ, "பொண்ணு சுவருக்குக் காவல் இருக்குது பாரு" என்றார்கள். இருக்கட்டும்.

செப்டம்பர் 17

மூன்றும் முழுசு. விரிசலை அளந்தேன், போன வருடம் இருந்த அதே அகலம். எப்போதோ நின்றுபோன விரிசல்.

மேலதிகாரியும் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். என் கணிப்பு தப்பு. தப்பாகிப் போனதில் ஒருத்திக்கு இவ்வளவு நிம்மதியா? அறிக்கையில் 'வெளியிலிருந்து ஏதோ இடித்ததில் பட்டை உடைந்தது' என்று எழுதினேன். பொய்யில்லை.

தடுப்பை எடுத்ததும் ஜனங்கள் திபுதிபுவென்று ஏறினார்கள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் பிடித்திருந்தது.

அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "யாருடி அந்தப் பாவி, கண்ணாடிய ஒடச்சவன்?"

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

"தெரியல அத்தை."

சாப்பிட்டேன். சுவரின் மேலேயே நிற்கும் முன்னறையில், வெறுந்தரையில் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினேன்.