பின்னால் நின்றவன் சொன்னது

என் மகன் வீட்டு வாசலில் தென்னைநார் மிதியடி ஒன்று கிடக்கிறது. நேற்று பெய்த மழையில் யாரும் அதை எடுத்து உள்ளே போடவில்லை. காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். ஊறிப்போன நாரின் வாடை முகத்தில் அடித்தது. உடனே உன்மேல் எரிச்சல் வந்தது. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. போனவர்கள்மேல் எரிச்சல்படக் கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை. நீ இருந்தபோதும் முடியவில்லை.

நனைந்த நார் வாடை என்றால் எனக்கு நம் கிரிக்கெட் விரிப்புதான், மேட்டிங். ஆடுகளத்தில் விரித்து, நான்கு பக்கமும் ஆணி அடித்து இறுக்குவோமே, அது. ஒரு புது நார் விரிப்பையும் இருபத்திரண்டு வயது வேகப்பந்துக்காரன் ஒருவனையும் வாங்கிக்கொண்டு உன்னை வாலாஜாபாத் டீமுக்குக் கொடுத்தோம். கொடுத்தோம் என்று எல்லோர் தலையிலும் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன். கொடுத்தது நான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. பிள்ளையார்பாளையத்தில் அமாவாசை அன்று தறி ஓடாது. மாதம் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அன்று ஒரு நாள் நிமிர்ந்து நிற்போம். சாமி கும்பிட்ட கையோடு ஒன்பது மணிக்கெல்லாம் ஏரிக்கரை மைதானத்தில் இருப்போம். அமாவாசைக்கு அமாவாசை ஆடுவதால் வெளியூர்க்காரர்கள் நம்மை அமாவாசை டீம் என்றே சொன்னார்கள். அதில் நீ லெக் ஸ்பின் போட்டாய். நான் விக்கெட் கீப்பர். பன்னிரண்டு வருஷம் நீ போட்ட பந்தையெல்லாம் ஸ்டம்புக்குப் பின்னால் குந்திப் பிடித்தவன் நான் ஒருவன்தான்.

தறியில் நாடா எறிந்து பழகிய கை, அதனால்தான் பந்து அப்படிச் சுழலுகிறது என்று உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு வயிறு எரியும். நானும்தான் பத்து வயதிலிருந்து நாடா எறிகிறேன். எனக்கு ஒன்றும் சுழலவில்லையே.

உன் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தும். மட்டையைத் தாண்டி மறுபக்கம் போகும். அடிக்க இறங்கி வந்தவன் காற்றைத் துழாவிக்கொண்டு நிற்பான். நான் பந்தைப் பிடித்து பெய்லைத் தட்டிவிடுவேன். சாயங்காலம் கன்னியப்பன் தன் சலூன் வாசலில் சிலேட்டுப் பலகையில் உன் பெயரை எழுதி, பக்கத்தில் ஏழு என்று போடுவான். அந்த ஏழில் நாலு என் கையால் விழுந்தது. அதை எழுத அவனிடம் சாக்பீஸ் இருந்ததே இல்லை.

வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்புமே உன் கூக்ளி, அதைப் பிடிக்கப் போய் என் சுண்டுவிரல் முறிந்ததே, நினைவிருக்கிறதா? கட்டுப்போட்ட கம்பவுண்டர், "யாரு பந்துல பட்டுது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். "அவரு பந்தயா புடிக்கிற? குடுத்துவெச்சவன்பா நீ" என்றார். விரலைவிட அது வலித்தது. வீட்டுக்கு வந்தால் என் மனைவி சோறு போடுவதற்கு முன்னால், "அவரு இன்னிக்கி எத்தினி எடுத்தாரு?" என்பாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஆளே இல்லை. எல்லோருக்கும் நான் கீப்பரு. அதுவும் உன் கீப்பரு.

கூக்ளி போடும்போது ஒரு சைகையாவது காட்டு என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "உனக்குத் தெரியும்பா" என்று சிரித்துக்கொண்டே நடந்துவிடுவாய். தெரியத்தான் தெரிந்தது. உன் மணிக்கட்டு கடைசி நேரத்தில் எப்படித் திரும்புகிறது என்பது இந்த ஜில்லாவிலேயே எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அதை யார் கண்டார்கள்?

உனக்கு முப்பத்தெட்டு நடந்தபோது வாலாஜாபாத் ரைஸ் மில் மேனேஜர் சம்பத் சார் பஸ் ஏறி வந்தார். அவர்கள் டீமில் அவர் வைத்ததுதான் சட்டம். தாலுகா போட்டிக்கு உன்னைக் கேட்டார். பதிலுக்கு விரிப்பு, அந்த இளவட்டம். நம் விரிப்பு அப்போது சாக்கு வைத்துத் தைத்துத் தைத்து, விரிப்பைவிடச் சாக்குதான் அதிகம் இருந்தது. "நம்ம பசங்க சொன்னா போறேன், வேணாம்னா இருக்கறேன்" என்று நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாய். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரே தன்னைப் பற்றிச் சண்டை போடப்போகிறது என்று தெரிந்தும் ஒரு மனிதன் அப்படி அலட்டாமல் இருக்கக் கூடாது.

சண்டை கன்னியப்பன் சலூனில் நடந்தது. பத்து நாள் நடந்தது. அவரவர் மோவாயைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஷேவிங் முடிந்தும் எழுந்திருக்க மாட்டார்கள்.

"பிஞ்சிபோன சாக்கு மேல எத்தினி நாளிக்கிப்பா ஆடறது? வயசு முப்பத்தெட்டு ஆவுது. இன்னும் ரெண்டு வருசம் போனா சும்மா குடுத்தாலும் எவனும் வாங்கமாட்டான்" என்றார் செக்ரட்டரி லோகநாதன். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

கன்னியப்பன் கத்தியை மடக்கிவிட்டான். "அவர அனுப்பணும்னு சொல்றவனுக்கு இங்க ஷேவிங் கெடையாது. பாதியோட எழுந்து போ."

"எமோசன் ஆவாதப்பா. டீமுக்கு இன்னா நல்லது, அத்த பாரு."

"அவருதான்யா டீமு! அவரு இல்லாங்காட்டி உங்க மூஞ்சிய பாக்கவா நான் கடைய மூடிட்டு வர்றேன்?"

சாயக்காரர் ஏகாம்பரம் நடுவில் ஒரு வழி சொன்னார். விரல் பத்தும் எப்போதும் அரக்குச் சிவப்பாக இருக்குமே, அவர்தான். "ஞாயித்துக்கெயம அங்க ஆடட்டும். அமாவாசைக்கி இங்க ஆடட்டும். மேட்டிங்கும் வந்துடும், ஆளும் நம்மகிட்டயே இருப்பாரு."

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. எனக்குத் திக்கென்றது. நீ போயும் போகாமல் இங்கேயே இருந்தால் என் கதி? "அவன் இன்னா உற்சவரா, காலையில ஒரு மண்டபம், சாயந்தரம் ஒரு மண்டபம்னு எழுந்தருள்றதுக்கு? போனா போனதுதான். சம்பத் சார் ஒத்துக்கமாட்டாரு" என்றேன். சிரித்தார்கள். அந்த யோசனை அத்தோடு போயிற்று.

அப்போதுதான் ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். "நாங்க கரையில குந்திக்கினு பாக்கறவங்க. நீ பின்னாடி நிக்கிறவன். நீ சொல்லு கீப்பரு. பந்து எப்பிடி இருக்குது?"

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கடையில் என்னை ஒரு கேள்வி கேட்டார்கள். கன்னியப்பன்கூடத் தோள்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தான்.

"மூணு அமாவாசையா பந்து கைய கடிக்கல" என்றேன்.

அது உண்மை. உன் தோள் தளர்ந்துகொண்டிருந்தது. கரையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. என் உள்ளங்கைக்குத் தெரியும். நீ வலியை மறைத்துக்கொண்டு போட்டதும் தெரியும். இரண்டு பேருக்குள் இருந்த விஷயத்தைக் கொண்டுபோய் சலூனில் வைத்தேன். கன்னியப்பன் கத்தியை விரித்து லோகநாதனின் மீதிக் கன்னத்தை வழித்தான். உன் கதை அங்கே முடிந்தது.

வீட்டுக்கு வரும்போது கால் தரையில் படவில்லை எனக்கு. அத்தனை சந்தோஷம்.

சந்தோஷம் இரண்டு நாள்தான். சலூன் பேச்சு எப்படியோ பஸ் ஏறி வாலாஜாபாத் போய்விட்டது. சம்பத் சார் அரக்கப்பரக்க வந்து, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"இன்னாப்பா, தோளு போயிட்ச்சின்னு பேசிக்கிறாங்க? நீதான் சொன்னியாமே?"

நீ திரும்ப நம்மிடமே நின்றுவிடுவாயோ என்ற பயம். அதில் எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தைகள் வந்தன என்று இன்றுவரை தெரியாது.

"யாரோ கெளப்பி வுட்டது சார் அது. பன்னெண்டு வருசமா அவன் பந்துக்கு ஸ்டம்பு பின்னாடி நிக்கிறேன். அவன் ஒரு பந்துகூட சும்மா போட்டதில்ல சார். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு ரோசன வெச்சிருப்பான். அவன் கைய வுட்டு பந்து கெளம்பறப்ப நான் மூச்ச புடிச்சிக்குவேன். மாசம் பூரா தறியில குந்திக்கினு இருக்கறேனே, எதுக்கு? அமாவாசை வந்தா அவன் பந்த புடிக்கலாம், அதுக்குதான். அந்த மாதிரி ஒருத்தன நீங்க எங்க தேடினாலும் கெடைக்கமாட்டான்."

சொல்லி முடித்தேன். பரவாயில்லை, நடிப்பு நன்றாகத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். சம்பத் சார் டீயை ஆறவிட்டு என்னையே பார்த்தார். அடுத்த வாரம் ரைஸ் மில் லாரியில் விரிப்பு வந்து இறங்கியது. நீ போய்விட்டாய்.

இனி என் காலம் என்று நினைத்தேன். புதுப்பையன் நல்ல வேகம், நல்ல பிள்ளையும்கூட. ஆனால் அவன் பந்தில் ஒன்றுமே ஒளிந்திருக்கவில்லை. எங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கென்று தனியாகத் தெரிய என்ன இருக்கிறது? போதாததற்கு, கன்னியப்பன் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தைக்கூட விட்டுவிட்டு வாலாஜாபாத் பஸ் ஏறினான். அவன் பின்னால் பத்துப் பேர். திங்கட்கிழமை சிலேட்டில் வாலாஜாபாத் கணக்கு. நான் புது விரிப்பில் நின்றுகொண்டு, காலியான கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பிய பிறகும் ஊரை நீதான் வைத்திருந்தாய்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமாவாசையும் சேர்ந்து வந்தது. தாலுகா போட்டியில் நாமும் வாலாஜாபாத்தும் மோதினோம். நான் மட்டை பிடித்து நின்றேன், நீ பந்தோடு எதிரில் நின்றாய். ஸ்டம்புக்கு முன்னால் நின்று உன் பந்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். மணிக்கட்டைப் பார்த்தேன், கூக்ளி, அடித்தேன், நாலு. மறுபடி மணிக்கட்டு, வழக்கமான லெக் பிரேக், இன்னொரு நாலு. மூன்றாவதற்கும் மணிக்கட்டு சுழன்றது. திரும்பும் பந்துக்கு மட்டையை வைத்தேன். அது திரும்பவே இல்லை. நேராக வந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. கரையில் கூத்தாடினார்கள், அதில் பாதி நம் ஊர்க்காரர்கள்.

ஆட்டம் முடிந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நீ வந்தாய். பெருமை பீற்ற வருகிறாய் என்று நினைத்து நிமிராமலே இருந்தேன்.

"சம்பத் சாரு சொன்னாருப்பா" என்றாய். "டீக்கடையில நீ சொன்னதெல்லாம். ஒண்ணு வுடாம சொன்னாரு."

தண்ணீர் கையிலிருந்து வழிந்தது.

"ஊரே சொல்லும், நீ மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்ட. பன்னெண்டு வருசமா பாத்துக்கினே இருந்தேன், எப்பனா உன் வாயில வருமான்னு. பின்னாடி நிக்கிறவனுக்குதானே தெரியும்? தோளு வலி தாங்காம வுட்டுடலாம்னு இருந்தேன்பா. அத்த கேட்டப்பறம் எப்பிடி வுடறது?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சலூனில் சொன்னதும் நான்தான், உன்னைத் தொலைக்கத்தான் இதையும் சொன்னேன் என்று. ஈர முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டால் மூடிக்கொண்டேன். நீ நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனாய். அதன் பிறகு நாற்பத்திரண்டு வயது வரைக்கும் போட்டாய் நீ.

காரியத்துக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு உன் மனைவி எனக்குத் தனியாக இலை போட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

"கீப்பரு சொன்னாரு, கீப்பரு சொன்னாருன்னு கடசி வரிக்கும் அதேதான்ணா. சம்பந்திங்ககிட்ட சொல்வாரு, பேரப்பசங்ககிட்ட சொல்வாரு. ஆஸ்பத்திரியில நர்சம்மாகிட்டகூட சொன்னாரு. ஏண்ணா, நெசமாவே அப்பிடி சொன்னீங்களா? இல்ல, இவரா சேத்துக்கினாரா?"

"சொன்னேம்மா" என்றேன். "ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல."

இலையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, அது நிஜம் என்று. பொறாமையில் வாயைத் திறந்தேன், வந்ததெல்லாம் உண்மையாக இருந்துவிட்டது. நடிப்பு என்று இத்தனை வருஷம் நான்தான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இப்போது அதிகமாகத்தான் இருக்கிறது. என் வாயிலிருந்து உனக்கு வேண்டியது எப்படியோ உனக்குக் கிடைத்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்துவிட்டுப் போய்விட்டாய். எனக்கு?

அன்று கை கழுவ எழுந்தபோது உன் மனைவியிடம் கேட்க வாய் வரைக்கும் வந்தது, என் கீப்பிங்கைப் பற்றி அவன் எப்போதாவது ஏதாவது சொன்னானா என்று. செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றார். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்து, கேட்காமலே வந்துவிட்டேன்.