ஒரே நிறத்தில் இரண்டு சேலைகள்

மண்டபத்தில் உன் அத்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லி அழைத்தபோது, அது நானில்லை என்று நான் சொல்லவில்லை.

இன்று வெயில் வந்ததென்று அலமாரியைக் காலி செய்து துணிகளைக் காயப்போட்டேன். கடைசித் தட்டில், சேலைக்கு அடியில், அந்த முகக்கவசம் இருந்தது. மயில்கழுத்து நிறம். ரவிக்கைத் துணியில் மிச்சம் வந்ததை வைத்து ஆரியசாலைத் தையற்காரர் நம் இருவருக்கும் தைத்துக் கொடுத்தது. எடுத்து முகர்ந்தேன். சானிடைசர் வாடை எப்போதோ போயிருக்க வேண்டும். போகவில்லை.

எல்லாம் அடைத்துக் கிடந்த மாதங்களில் நீ சாயங்காலமானால் உடுத்துக்கொண்டு வீடியோவில் வருவாய். ஒரே ஊரில் நான் கோட்டைக்குள் இருந்த தெருவில், நீ கரமனையில். நடந்துவிடக்கூடிய தூரம்தான், ஆனால் உங்கள் தெருவை மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். சேலை முழுவதும் தெரிய வேண்டும் என்று ஃபோனை அரிசி டப்பாமேல் சாய்த்துவைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பாய். கொசுவம் தெரியும், வளையல் தெரியும், கழுத்துவரை தெரியும். தலை திரைக்கு வெளியே போய்விடும். குரல் மட்டும் மேலிருந்து வரும்.

"எடீ, எப்பிடியிருக்கு?"

"தலையக் காணோம்."

"தலைய இப்ப யாரு கேட்டா? முந்தானையப் பாரு. அடிபொளி இல்லே?"

உனக்கு அது விளையாட்டில்லை. ஆட்கள் முன்னால் நிற்பது மறந்துபோகும் என்று நிஜமாகவே பயந்தாய். "எல்லாம் திறக்கும்போ நமக்கு நாலு பேர் நடுவுல நடக்கத் தெரியாது, கேட்டோ. இப்பவே பழகணும்." நம் கல்லூரித் தோழியின் கல்யாணம்தான் நீ காத்திருந்த முதல் விசேஷம். அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சாலை பஜார் துணிக்கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்து நமக்கு ஒரே மாதிரி இரண்டு சேலை எடுத்தாய். அந்தக் கல்யாணத்துக்கு முன் உடுக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினாய்.

தையற்காரர் அப்போது யாரையும் தொட்டு அளவெடுப்பதில்லை. அளவு ரவிக்கையைப் பையில் போட்டுக் கடை வாசலில் தொங்கவிட வேண்டும். நம் இரண்டையும் நான் ஒரே பையில் போட்டுவிட்டேன். அவர் இரண்டு ரவிக்கையையும் உன் அளவிலேயே தைத்துவிட்டார். எனக்குத் தோள் தொங்கியது. நீ சிரித்துச் சிரித்து இருமினாய். "பிரிச்சுத் தைக்காண்டாம். தின்னு தின்னு நீயே என் அளவுக்கு வந்துருவே."

இரண்டாவது அலையில் நீ போய்விட்டாய். முழுக்கச் சுற்றிக் கட்டித்தான் கொண்டுவந்தார்களாம். உன் அப்பா ஒருவரை மட்டும் தூரத்தில் நிற்க விட்டிருக்கிறார்கள். அவரும் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு மிஞ்சிய உன் உருவம் கழுத்துவரைதான்.

நாகர்கோவிலில் இருந்த உன் அத்தையிடம் மட்டும் அப்பா சொல்லவில்லை. அத்தைக்கு அப்போதுதான் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. உனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை என்று ஃபோனில் சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடின.

கல்யாணம் ஒருவழியாக நடந்தது. துக்க வீடென்று உன் பெற்றோர் வரவில்லை. அன்று காலை உன் அப்பா என்னை ஃபோனில் அழைத்தார். "அத்தைக்குக் கல்யாணப் பொண்ணு வீடு சொந்தம்மா. எப்படியும் வந்துருவா. நாளைக்கு இங்க கூட்டிட்டு வந்து, டாக்டரையும் பக்கத்துல வச்சுட்டு நானே சொல்றேன். மண்டபத்துல வச்சுத் தெரிஞ்சுடக் கூடாது. அவ தாங்க மாட்டா."

உனக்குச் சொன்ன சொல்லுக்காக அந்தச் சேலையை உடுத்தேன். அதே துணியில் தைத்த முகக்கவசத்தையும் கட்டினேன்.

நீ அந்த மண்டபத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாற்காலிகளைத் தள்ளித்தள்ளிப் போட்டிருந்தார்கள். பட்டு, பூ, நகை எல்லாம் இருந்தன. யாருக்கும் வாய் இல்லை. சிரிக்கிறார்களா, முறைக்கிறார்களா என்று கண்ணைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. நாதஸ்வரக்காரர் ஒருவருக்குத்தான் முழு முகம் இருந்தது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அத்தை வந்தார். "ஏட்டி மக்ளே! வந்துட்டியா!" என்று உன் பெயரைச் சொன்னார். கூடவே, "தொண்டை செரியாச்சா? பேசாண்டாம், பேசாண்டாம். இந்தச் சேலையத்தானே ஃபோன்ல காணிச்சே?"

தலையாட்டினேன். அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து என் தோளைத் தடவினார். தொங்கிய ரவிக்கையில் விரல்கள் நின்றன. பிறகு கையில் இறங்கி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தன. என் கண்களை வெகுநேரம் பார்த்தார். மேளம் கொட்டி முடிந்தது.

பந்திக்கு அழைத்தார்கள். "நீயும் வாம்மா, மாஸ்க் எடுத்துட்டு இலைக்கு முன்னாடி உக்காரு" என்று யாரோ சொன்னார்கள். வேறு வழி தெரியாமல் என் கை காதருகே போனது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆனவரின் கை என்று சொல்ல முடியாத பிடி.

"எடுக்காத மக்ளே" என்றார் தணிந்த குரலில். "கொஞ்ச நேரம் இப்பிடியே இரி."

அத்தையும் சாப்பிடவில்லை. இலைகளை எடுத்து, தரையைத் துடைத்து, மருந்து தெளிக்கும் ஆட்கள் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அதற்குள் ஒருமுறைகூட அவர் உன் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் உன் அப்பா அத்தையிடம் சொன்னார். "நேத்தே கண்டுட்டேன்டே" என்றாராம், அழவில்லையாம். நாகர்கோவிலுக்குத் திரும்பும்போது உன் அப்பாவிடம் கேட்டு என் ஃபோன் எண்ணை வாங்கிப் போனார். இப்போதும் சாயங்காலங்களில் அழைக்கிறார். சாப்பிட்டாயா, என்ன உடுத்திருக்கிறாய் என்று கேட்கிறார். என் பெயரை இதுவரை கேட்டதில்லை.