கூட்டாளியோடு கரவனில்

8 ஜனவரி 96, திங்கள்

வெயில். காற்று இல்லை. காலை எட்டு மணிக்குப் பாபகூராவில் வாடகைக் கரவனை, அந்தச் சக்கர வீட்டை, எடுத்துக் காருக்குப் பின்னால் கொளுவியாயிற்று. பழசு, ஆனால் டயர் புதிது.

எங்கள் ஒனிஹங்காக் கடையில் தரை மாற்றுகிறார்கள், ஏழு நாள் பூட்டு. ஆறு வருடக் கூட்டில் நானும் பாஸ்கரும் (பா.) ஒன்றாக லீவு எடுப்பது இதுதான் முதல். காலை நான், பின்னேரம் அவன். இரண்டு மணிக்குச் சாவி கைமாறும், அவ்வளவுதான் சந்திப்பு. மற்றதெல்லாம் கல்லாப் பக்கத்துக் கொப்பியில். "பால் குறைவு." "பிரிட்ஜ் சத்தம் போடுது."

இந்தப் பயணத்துக்குள் அவனிடம் சொல்லியாக வேண்டும். பாபகூரா ஸ்டேஷனுக்குக் கிட்ட எனக்கென்று தனிக்கடை பார்த்துவிட்டேன். அரிசி, மிளகாய்த்தூள், இடியப்ப மா. அடுத்த திங்கள் கையெழுத்து. கூட்டு முடிகிறது. அவன் கூப்பிட்டுச் சேர்த்திராவிட்டால் இன்றைக்கும் நான் யாரோ ஒருவரின் ஆபீஸைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் வாய் வரவில்லை.

ஏற்றியவை: அரிசி 20 கிலோ, தண்ணீர்க் கான் 4, தேங்காய் 10, இரும்புச்சட்டி, பா.வின் கிரைண்டர் ("கரண்ட் இருக்கும்ணே, கவலப்படாதீங்க"). கடையின் வான் வண்டியில் அடுக்கும் பழக்கம், முதலில் வேண்டியது கதவோரம். கரவனுக்குக் கதவு பின்னால், பாரமெல்லாம் அங்கேதான். கிளிவ்டன் தாண்டி ஓர் இறக்கத்தில் வாலை ஆட்டத் தொடங்கியது பாருங்கள், ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. பா.வின் மனைவி சுமதி, "முருகா, முருகா." மகள் நித்யா, ஒன்பது வயது, "டூ இட் அகெய்ன், அங்கிள்!"

பின்னால் வந்த விவசாயி ஒருவர் நிறுத்தி, பாரத்தை எல்லாம் முன்னுக்கு மாற்றச் சொன்னார். மாற்றினோம். பிறகு ஆட்டம் இல்லை. பா. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடலோரம் கேம்ப். ரிவர்ஸ் எடுக்க பா. கை காட்டினான். "ரைட்டுல ஒடிங்கண்ணே! ஐயோ, அது லெப்டு!" பக்கத்துக் கிழவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஐந்தாம் தடவை சரி.

எனக்கும் என் மனைவி மலருக்கும் கரவன். பா. குடும்பத்துக்குப் பக்கக் கூடாரம்.

மலர் மெதுவாக, "சொல்லிப்போட்டியளோ?"

"இப்பதானே வந்து இறங்கினது."

9 செவ்வாய்

தூறல். ஐந்து மணிக்கே விழிப்பு, கடை திறக்கிற பழக்கம். பா. பத்து மணிவரை தூக்கம், கடை பூட்டுகிறவன் பழக்கம். இங்கேயும் ஷிப்ட்தான்.

பின்னேரம் நாங்கள் இருவர் மட்டும் கடற்கரையில் நடை. நல்ல சந்தர்ப்பம். பேசியவை: ஐஸ்கிரீம் பெட்டி, மழை, திரும்பவும் ஐஸ்கிரீம் பெட்டி. "தம்பி, ஒரு விசயம் கதைக்க வேணும்" என்று தொடங்கினேன். அவன் முகம் வெளிறிவிட்டது. "தண்ணி புடிக்கணும்ணே, மறந்தே போச்சு" என்று ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டான். கான் நான்கும் நிறைந்துதான் இருந்தன.

பாபகூராக் கதையை யாராவது அவன் காதில் போட்டுவிட்டார்களா? சாப்பிட மனமில்லை.

மலர்: "ஆறு வருசம் ஒரே கல்லாவில நிண்ட ஆக்கள். ஒரு வாய் கதைக்க ஏலாதோ?"

"ஒண்டாய் நிக்கேல்லையே."

10 புதன்

நல்ல வெயில். ஐந்து மணிக்குத் தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கினால் அடியில் ஒரு துண்டுக் கடதாசி. பா. கையெழுத்து, கொப்பியில் எழுதுகிற மாதிரியே.

"அண்ணே, பால் முடிஞ்சது. கேஸ் பாதி இருக்கு. நாங்க ஏப்ரல்ல பிரிஸ்பேன் போறோம். சுமதிக்கு அங்க நர்ஸ் வேலை கிடைச்சிருச்சு. கடைய நீங்க தனியா பாக்கணும். ரெண்டு மாசமா மூஞ்சியப் பாத்து சொல்ல வரல. மன்னிச்சிருங்க. பெரிய டார்ச்சுல பேட்டரி இல்ல."

மூன்று தரம் வாசித்தேன். படியில் உட்கார்ந்தேன். அப்பாடா. ஒரு மாதத்துக்குப் பிறகு முழு மூச்சு. உடனே கோபமும். இரண்டு மாதமாகவா மறைத்தான்? நான் மறைத்தது ஒரு மாதம்தான்.

அப்போதே எழுப்பி என் கதையையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வியாபாரப் புத்தி. விட்டுப் போகிறவன் அவன் என்றால் நான் பாவப்பட்டவன். பாவப்பட்டவனுக்கு எதிலும் விட்டுக்கொடுப்பார்கள். பா. எழும்பி வந்து என் முகத்தைப் பார்த்தான். "பாப்பம், தம்பி" என்றேன். முகத்தைக் கொஞ்சம் தொங்கவும் போட்டேன்.

பலன்: பாத்திரம் எல்லாம் பா. கழுவினான். கழிவறைத் தொட்டியைத் தூக்கிப்போய்க் கொட்டியதும் அவனே. முறைப்படி இன்று அது என் வேலை. சுமதி எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்தாள். நித்யா வந்து, "அங்கிள், ஆர் யூ மேட் அட் டாட்?"

"நோ, நோ."

பொய் இல்லை. ஆனாலும் பிள்ளை நம்பவில்லை.

மலர் துண்டை வாசித்தாள். நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. "அந்தப் பெடியன் உங்கட பீத்தொட்டியைத் தூக்கிக்கொண்டு திரியுது. நீங்கள் கதிரையில கால் நீட்டிக்கொண்டு இருக்கிறியள். வெக்கமாய் இல்லையோ?"

"நாளைக்குச் சொல்லுறன்."

மலர் என் கதிரையை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

11 வியாழன்

காலையில் மேகம். துண்டு எழுதிக் கேத்தலுக்கு அடியில் வைக்கலாமென்று பேனா எடுத்தேன். பேனாவைத் திரும்ப வைத்துவிட்டேன். பத்து மணிவரை பொறுக்க முடியவில்லை, ஆறரைக்கே கூடாரத்தைத் தட்டினேன்.

"என்னாச்சுண்ணே? கரவன் உருண்டிருச்சா?"

கடல் வற்றிக் கிடந்தது, சேறு. அங்கே வைத்துச் சொன்னேன். பாபகூரா, திங்கட்கிழமைக் கையெழுத்து, எல்லாம். நேற்று வேண்டுமென்றேதான் வாய் திறக்கவில்லை என்பதையும்.

பா. கால்விரலால் சேற்றைக் கிளறிக்கொண்டு நின்றான். உண்மையில் பயந்துபோனேன்.

"அப்போ நேத்து அந்த டப்பாவ நான் தூக்கிட்டுப் போனப்போ..."

"ஓம்."

"உள்ளுக்குள்ள சிரிச்சிட்டு இருந்தீங்க."

"கொஞ்சம்."

"நான் அழுதேண்ணே! சுமதி வேற, அண்ணன் ஒடஞ்சு போயிட்டாரு, நல்லாக் கவனின்னு ஒரே நச்சரிப்பு. அந்த முட்டை எனக்கு வச்சிருந்ததுண்ணே!"

சொல்லி முடிக்குமுன் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றில் குந்திவிட்டான். நானும்தான். காற்சட்டை நாசம்.

அப்படியே பன்னிரண்டு மணிவரை பேச்சு. ஒனிஹங்காவை யாருக்குக் கொடுப்பது, பிரிஸ்பேன் வெயில், பாபகூராவில் இட்லி மா விற்குமா (விற்கும் என்கிறான், கிரைண்டரை எனக்கே விட்டுப் போகிறானாம்). அவனுக்குத் திருச்சியில் ஒரு தங்கை இருப்பது இன்றுதான் தெரியும்.

மலர் எங்கள் காற்சட்டைகளைப் பார்த்தாள். மத்தியானம் சோற்றுக்கு மேல் நெய் விட்டாள்.

பா. தீர்ப்பு: மிச்ச மூன்று நாளும் தொட்டி என் பாடு. பேரம் பேசினேன். இரண்டுக்கு இறங்கினான், அதற்குக் கீழே அசையமாட்டேன் என்கிறான். தொட்டி இப்போதே நிறைந்துவிட்டதாம். கூப்பிடுகிறான்.