ஓகஸ்டில் ஆறு கடந்தவர்கள்

கோல்டிங், 14.9.1991

நிரோஜாவின் அப்பாவுக்கு,

தமிழர்களின் குடும்பங்களை இங்கே வரவிடாமல் டென்மார்க் அரசாங்கம் இழுத்தடித்ததை விசாரிக்கிறார்கள் என்று, தமிழ்ச் சங்கத்தில் எல்லோருடைய குடிவரவுக் கடிதங்களையும் சேர்க்கிறார்கள். எங்களுடையதைக் கொடுக்கத்தான் உங்கள் மேசை லாச்சியைத் திறந்தேன்.

மேலே ஆபிரிக்கச் சபாரிப் புத்தகம் கிடந்தது. எந்த மாதம் மிருகக் கூட்டம் எங்கே நிற்கும் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1988 ஓகஸ்டைச் சுற்றி வட்டம். "அப்ப போனால்தான் குட்டியளோட ஆறு கடக்கிறதைப் பாக்கலாம்." பக்கத்தில் போகிற ஆட்களின் பெயர், இரண்டு பேர்: நீங்கள், உங்களுக்கு டெனிஷ் படிப்பித்த ரீச்சர் பிர்கித்.

அந்த ஓகஸ்டில்தான் நான் ஆறு வயது நிரோஜாவைத் தோளில் வைத்துக்கொண்டு, வெடிச் சத்தத்துக்குப் பயந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்தேன். கோல்டிங்கில் ஒரே மழை என்று நீங்கள் கடிதம் போட்டிருந்தீர்கள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கீழே, நீங்கள் குடிவரவுக் கந்தோருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி இருந்தது. எனக்கு டெனிஷ் ஓடாது. நிரோஜாதான் வாசித்தாள்.

"அம்மா, எங்களைக் கூப்பிடுறதை எண்பத்தெட்டு ஒக்டோபர் வரைக்கும் நிப்பாட்டி வைக்கச் சொல்லி அப்பாதானே எழுதியிருக்கிறார்?"

இவ்வளவு காலமும் நான் டென்மார்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீங்களும் பக்கத்தில் இருந்து சேர்ந்து திட்டினீர்கள்.

நாங்கள் ஹ்விடோவ்ரேக்கு, அண்ணா வீட்டுக்குப் போகிறோம். நாளைக்குச் சங்கத்து ஆட்கள் கடிதம் வாங்க வருவார்கள். பிரதியை மேசையில் வைத்திருக்கிறேன். எங்களை மறித்தது யார் என்று நீங்களே சொல்லி, அதைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒக்டோபர் வரை நிறுத்திவைக்கப்பட்டவள்