ஒமாகாவுல ஒரு ஒத்தி வீடு

கீரமங்கலம்
3-3-2024

அன்புத் தம்பி நிலவழகனுக்கு அக்கா பொற்கொடி எழுதுறது. இங்க நானும் ஒன் மச்சானும் சொகம். நீயும் இனியாவும் பாப்பாவும் எப்படி இருக்கீங்க? போன்ல நீ பேசுறது எனக்கு வண்டு கொடையிற மாதிரித்தான் கேக்குது. காது மிசின மாட்டுனா ஊருல உள்ள பஸ் ஆரனெல்லாம் மண்டைக்குள்ள வந்து நிக்கிது. அதான் அறிவொளி வகுப்புல கத்துக்கிட்ட எழுத்த வச்சு எழுதுறேன். கோணலா இருந்தா சிரிக்காத.

வாடகைய ஒரேடியா நானூறு டாலர் ஏத்திட்டான்னு நீ சொன்னதா மச்சான் சொன்னாக. ரெண்டு ரூம்புக்கு ஆயிரத்து எழுநூறாமே! என்னய்யா அநியாயம்? நேத்து மல்லிகை கொண்டு போகையில பூக்கடை அய்யாக்கண்ணுகிட்டச் சொன்னேன். "ஏம்மா, அமெரிக்காவுல எடமா இல்ல? பூமி அத்துப் போச்சா?"ன்னாரு. அவருக்கு எல்லாம் வெளாட்டு. போன வாரம் பூவுக்குள்ள கெடந்த ஓணானையும் சேத்து நிறுத்துப்புட்டாரு. வாங்குன பொம்பள கூடைய எறிஞ்சுட்டு ஓடுனது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சு. எனக்கே கேட்டுச்சுன்னாப் பாத்துக்க.

சொல்ல வந்தது என்னன்னா, நீ ஏன் மாசா மாசம் தெண்டம் அழுகுற? நாங்க இருக்கிற வீட்டப் பாரு. மூணு லச்சம் ஒத்திக்குக் குடுத்தோம். மூணு வருசம் வாடகைங்கிற பேச்சே இல்ல. காலி பண்ணையில முழுப் பணமும் கைக்கு வந்துரும். அங்கிட்டும் நம்ம ஆளுக சொந்த வீடு வச்சிருப்பாக. ஒருத்தர்கிட்டக் கேட்டுத்தான் பாரேன். வாயா வலிக்கப் போகுது?

ஒன் அக்கா
பொற்கொடி


ஒமாகா
27-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்துச்சு. ஓணான் கதையப் படிச்சு இனியா சிரிச்சா. அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

இங்க புது வீடு தேடுறது பெரிய பாடா இருக்குக்கா. விண்ணப்பம் குடுக்கவே பணம் கேக்குறாங்க. நமக்கு முன்னாடி இருவது பேரு நிக்கிறாங்க. நீங்க சொன்ன ஒத்தியத் தமிழ்க்காரங்க விருந்து ஒண்ணுல வெளாட்டாத்தான் சொன்னேன். பக்கத்துல பிரசாந்த்னு ஒருத்தர் இருந்தாரு. நம்ம அறந்தாங்கிப் பக்கம். இங்க ரெண்டு வீடு இருக்காம். "நம்ம ஊரு வழக்கம்தானே தம்பி, தாராளமாச் செய்யலாம்"னுட்டாரு. யோசிக்கக்கூட இல்ல. இருவத்தஞ்சாயிரம் டாலர், ரெண்டு வருசம். எங்க சேமிப்பு மொத்தமும் அதுதான். ஏப்ரல் இருவதாந்தேதி குடுக்குறோம். போட்டி வந்துரும், வெளிய சொல்லாதீங்கன்னாரு.

அவரு ஊரு பேரப் பின்பக்கம் எழுதியிருக்கேன். முடிஞ்சா விசாரிங்க.

"ஒங்க அக்கா நம்மளக் காப்பாத்திட்டாங்க"ன்னு இனியா சொன்னா.

தம்பி
நிலவழகன்


கீரமங்கலம்
17-4-2024

தம்பி, ஒன் காயிதம் முந்தாநாளு வந்துச்சு. சொகம் விசாரிக்க நேரமில்ல.

"யோசிக்கக்கூட இல்ல"ன்னு எழுதியிருக்கியே, அந்த எடத்த நாலு தடவ படிச்சேன். எங்க வீட்டு ஓனரம்மா மீனம்மாள் ஒத்திக்கு விட ஆறு மாசம் இழுத்துச்சு. ஆடு கட்டுவியா, ஆணி அடிப்பியா, விருந்தாளி எத்தன பேரு வருவாகன்னு கேட்டுத் தொளைச்சுச்சு. பத்திரம் எழுதுன அன்னைக்கும் செவத்தத் தடவிக்கிட்டு அழுதுச்சு. வீடு வச்சிருக்கிறவுக அப்படித்தான் இருப்பாக. இவன் நோகாமக் குடுக்குறானே, அது இவன் வீடுதானா?

நேத்து அவன் ஊருக்கே பஸ் ஏறிட்டேன். பக்கத்துல கோழி வச்சிருந்த ஆளு. அந்தச் சேவலு அறந்தாங்கி வரைக்கும் என் வளையலக் கொத்திக்கிட்டே வந்துச்சு, அத விடு. டீக்கடையில "பிரசாந்த் வீடு எது?"ன்னு கேட்டேன். பேசிக்கிட்டிருந்த எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாக. ஒருத்தி மட்டும் பின்னாடியே வந்து ஒரு வீட்டக் காட்டுனா. பூட்டிக் கெடக்கு. கதவு முழுக்க யாராரோ கரியால அவுக அவுக செல் நம்பர எழுதி வச்சிருக்காக.

"நீங்களும் பணம் குடுத்தவுகளா?"ன்னா. என் காதுக்காக ரெண்டு தடவ சொன்னா.

"இன்னும் இல்ல"ன்னேன்.

"அப்ப அடுத்த பஸ்ஸுல ஏறிருங்க"ன்னா.

மச்சான் ஒன் நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருக்காக, போகமாட்டேங்குது. வீட்டு வரி ரசீது யாரு பேருல இருக்குன்னு பாரு. பாக்காம சல்லிக்காசு குடுக்காத. இது இருவதுக்குள்ள ஒன் கைக்கு வராதுன்னு எனக்கே தெரியிது. கையி சும்மா இருக்க மாட்டேங்குது.

அக்கா


ஒமாகா
24-4-2024

அன்புள்ள அக்காவுக்கு,

புது வீட்டுலேருந்து எழுதுறேன். பணம் குடுத்தாச்சு. பாப்பாவுக்குத் தனி ரூம், பின்னாடி ஒரு மரம். ஒங்ககிட்டேருந்துதான் பதிலக் காணோம். பிரசாந்த் அண்ணன் அவரு போன் பிளான்லயே எங்களச் சேத்துவிட்டாரு. ரெண்டு வாரமா நம்பர் வேற, அதுல இந்தியாவுக்குப் பேச முடியல.

அவரு சில கட்டுப்பாடு வச்சிருக்காரு. தபால் பெட்டி சாவி அவருகிட்டதான் இருக்கும். தெருப்பக்கத்து ஜன்னல் திரைய எடுக்கக் கூடாது. யாராச்சும் கதவத் தட்டுனா நாங்க அவரு வீட்டு விருந்தாளின்னு சொல்லணும். எதுக்குன்னு இனியா கேட்டா. "இந்த ஊரு சட்டம் அப்படிம்மா"ன்னாரு. பத்திரம் கேட்டேன். வெளியூரு போயிட்டு வந்து தர்றேன்னாரு.

பெல் அடிச்சாப் பாப்பா கட்டிலுக்கு அடியில போயிர்றா. யாரு சொல்லிக் குடுத்தான்னு தெரியல.

தம்பி
நிலவழகன்


ஒமாகா
3-6-2024

அக்கா,

ஒங்க கடிதம் பழைய வீட்டுலேருந்து சுத்தி வந்துச்சு. ஒறை பிரிச்சிருந்துச்சு. அத என் கையில குடுத்ததே பிரசாந்த்தான். "ஒங்க அக்கா நல்லா எழுதுறாங்க"ன்னாரு.

புதங்கிழமை கதவுல வீட்டக் காலி பண்ணச் சொல்லிக் கோர்ட் தாள் ஒட்டியிருந்தாங்க. வீடு ஒரு கம்பெனியோடது. அவரு அதுல வாடகைக்கு இருக்கிறவரு. நாலு மாசமா வாடகை கட்டல. எங்க பேரு எங்கயுமே இல்ல. போலீசுக்குப் போறேன்னேன். விசா என்னாகுமோன்னு இனியா கையப் புடிச்சுக்கிட்டா. அவரு வந்து தாளக் கிழிச்சு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு. "காலி பண்ணிட்டு வாயத் தொறக்காம இருந்தா ஒரு மாசத்துல பாதிப் பணம். தொறந்தா அதுவும் இல்ல"ன்னாரு.

இன்னைக்குக் காலையில சாமானக் கார்ல ஏத்துனோம். அப்பவே ஒரு புருசன் பொண்டாட்டியக் கூட்டியாந்து அடுப்படியக் காட்டிக்கிட்டிருந்தாரு. அந்தப் பொண்ணு கையில குக்கர். "கேஸா கரண்டா அண்ணே?"ன்னு கேட்டுச்சு. நம்ம பக்கத்துப் பேச்சுக்கா. என்னையப் பாத்துச் சிரிச்சுச்சு.

பாதிப் பணத்த நெனச்சுக்கிட்டு நான் கார்ல ஏறிட்டேன்.

அந்த விலாசத்துக்கு இனி எழுதாதீங்க. வேற விலாசம் எங்களுக்கு இல்ல. ஒத்தின்னு ஒரு வார்த்தைய நீங்க எழுதாமயே இருந்திருக்கலாம்னு இனியா சொல்றா. நான் சொல்லல.

நிலவழகன்


கீரமங்கலம்
15-6-2024

அந்த வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிற தங்கச்சிக்கும் அவுக வீட்டுக்காரருக்கும்,

என்னைய ஒங்களுக்குத் தெரியாது. கீரமங்கலத்துல பூ வெள்ளாமை பண்றவ. பேரு பொற்கொடி. ஒங்களப் பாத்துட்டும் பேசாமக் கார்ல ஏறிப் போனானே, அவன் என் தம்பி. திட்டுறதா இருந்தா என்னையும் சேத்துத் திட்டுங்க. ஒத்திங்கிறத அவன் காதுல போட்டவ நான்தான்.

வீடு அந்த பிரசாந்தோடது இல்ல. கோர்ட்டுத் தாளக் கிழிச்சு அவன் பையில வச்சிருக்கான். பணம் குடுக்கலைன்னாக் குடுக்காதீங்க. குடுத்துட்டீங்கன்னா இன்னைக்கே போயி வீடு யாரோடதுன்னு விசாரிங்க. விருந்தாளின்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. கோர்ட்டுத் தேதி முடிஞ்சிருச்சோ என்னமோ, எனக்குத் தெரியல.

ஒங்க தபால் பெட்டிக்கு வர்றத அவன் பிரிச்சுப் படிக்கிறான். அதனால இதையே ரெண்டு தாள்ல எழுதி, ஒங்களுக்கு முந்துன வீட்டு நம்பருக்கு ஒண்ணு, பிந்துன நம்பருக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கேன். நம்பரு அப்படித்தான் போகும்னு ஒரு நெனப்பு. இதப் பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிற பொண்ணு கையில குடுங்கன்னு போஸ்ட்டாபீசு அன்புமொழி ஒறை மேல இங்கிலீசுல எழுதிக் குடுத்துச்சு. விசயத்தக் கேட்டுட்டு, "இதப் போட்டா ஒங்க தம்பிக்குப் பாதிப் பணமும் போயிருமேக்கா?"ன்னுச்சு.

போகும். எங்க வீட்டுக்காரரு நேத்திலேருந்து எங்கிட்டப் பேசல. தம்பி இனிமே எழுத மாட்டான். பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு எங்க படுக்கிறான்னுகூடத் தெரியல. இருந்தாலும் கண்ண மூடுனா, குக்கரத் தூக்கிக்கிட்டு நீங்க நிக்கிறதுதான் தெரியிது. ஒங்க மொகம்கூட எனக்குத் தெரியாது.

கொண்டாந்த பெட்டிய இன்னும் பிரிக்கலைன்னா, பிரிக்காதீங்க.

பொற்கொடி