ஒவ்வொரு கூடைக்கும் ஒரு பூட்டு

மாசி 12, செவ்வாய்.

கம்ப்யூட்டரை உள்ளிருந்து இயக்கும் மையநிரலான கெர்னலுக்கு மகள் எழுதிய திருத்தம் இரண்டாம் முறையும் திரும்பிவந்துவிட்டது. கம்ப்யூட்டர் பயன்படுத்தி முடித்த நினைவகப் பக்கங்களைச் சீக்கிரம் விடுவிக்கும் வேலையாம். எனக்குப் புரியவில்லை.

“குரங்குக்கு பயந்து ஒவ்வொரு புளிக்கூடைக்கும் கொட்டாய தொறந்து தொறந்து பூட்டுறியேப்பா, கெர்னலும் அப்டித்தான். நான் ஒரே தபா தொறந்து மொத்தத்தையும் முடிக்கச் சொன்னேன்.”

“அதுவரைக்கும் சாமை மூட்டையோட வாசல்ல நிக்கிற உங்கம்மா கதி இன்னா?”

கேலிக்குத்தான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரின் மற்ற வேலைகள் அப்படிக் காத்து நின்றதால்தான் கெர்னலைப் பராமரிப்பவர்கள் திருப்பி அனுப்பினார்களாம். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விடுவிக்கும்படி மாற்றி எழுதுகிறாள்.

“மறுபடி வந்தா?”

“மறுபடி அனுப்புவேன்.”

பத்தாவதை நான்கு தடவை எழுதித் தேறியவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா? விடிந்ததும் சிக்னல் கிடைக்கும் பாறைவரை லேப்டாப்பை நானே சுமக்கிறேன்.