கயிறு சுற்றிய கை

இன்று காலை பாலத்துக் காவலரணில் பேருந்தை நிறுத்தியிருந்தார்கள். யன்னலோரம் இருந்த எனக்கு வீதியோரத்தில் மடித்து வைத்திருந்த அந்த முள்ளுப் பட்டி தெரிந்தது. நிறுத்தாமல் ஓடும் வாகனத்தின் ரயர்க் காற்றை இறக்க, வீதிக்குக் குறுக்கே இழுத்துப் போடுவார்களே, அதுதான். அதன் கயிறு ஒரு பொலிஸ்காரரின் விரித்த உள்ளங்கையில் சும்மா கிடந்தது. இரண்டு பக்கமும் கடல், முன்னும் பின்னும் வாகனங்கள். பேருந்து நகரும்வரை நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களை முதலில் கண்டது தலைமன்னார் வீதியோரத்து வெறுங்காணியில். போர் முடிந்து சனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். தமிழ் இளைஞர்களைப் பொலிஸில் சேர்த்திருந்தார்கள், உங்களையும். பயிற்றுவித்த சார்ஜனுக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். மொழிபெயர்க்க, மாவட்டச் செயலகத்தில் வேலைசெய்த என்னை அனுப்பினார்கள். அவர் சொல்வதைச் சொல்ல வேண்டும், சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

பாடம் சிக்கலானதல்ல. மறைவில் நில்லுங்கள். பட்டியை வீசிவிட்டு வீதியில் நிற்காதீர்கள். துரத்தப்படும் வாகனம் ஏறியதும், பின்னால் வரும் நம் வாகனம் ஏறுமுன் பட்டியை இழுத்தெடுங்கள். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள். சக்கரம் பட்டியைக் கொண்டுபோனால் கையை விரித்து விட்டுவிடுங்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் சார்ஜன் மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை சொன்னேன்.

சார்ஜன் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கை ஒழுங்காக இருந்தது. பயிற்சிக் கார் உண்மையான வேகத்தில் வந்தபோதுதான், பனைமரத்துக்குப் பின்னால் உங்கள் பக்கத்தில் நின்ற நான் கண்டேன். கயிறு உங்கள் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. இழுத்தெடுத்ததும் அவிழ்த்துவிட்டீர்கள். வீதியின் மறுபுறம் நின்ற சார்ஜனுக்கு அது தெரியவில்லை. நீங்கள் உடம்பைச் சாய்த்து இழுத்த விதத்தைப் பார்த்து, “டேய் சம்மாட்டி, மீன் பட்டதோ?” என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தண்ணீர் பீப்பாயடியில் உங்களைத் தனியே பிடித்தேன்.

“கயித்தைக் கையிலை சுத்துறியள்.”

“இல்லை மிஸ்.”

“நான் கண்டனான்.”

உங்கள் மணிக்கட்டை வேறொருவருடையதைப் போலப் பார்த்தீர்கள். “அது தானாச் சுத்துது மிஸ். பள்ளிமுனையிலை பத்து வயசிலையிருந்து கரைவலை இழுத்த கை. சுத்தாட்டி ஈரக் கயிறு வழுக்கிக்கொண்டு போயிடும். அப்பர் முதுகிலை போடுவார்.”

“சார்ஜனிட்டைச் சொல்லுங்கோ. இன்னும் ரெண்டு நாள் பழக்குவார்.”

“ஐயோ, பழக்க மாட்டார் மிஸ், பெயில் போடுவார். பெயிலெண்டால் தெற்கிலை, அம்பாந்தோட்டைக்கு ஏத்திப்போடுவாங்கள். மனிசி கைப்பிள்ளையோடை தறப்பாள் கூடாரத்துக்கை கிடக்கிறா. காணி துப்பரவாக்கக்கூட ஆளில்லை. ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

பின்னேரம் ஒரு தாள் வந்தது. அறிவுறுத்தல்கள் தமிழில் விளக்கப்பட்டன, அனைவரும் விளங்கிக்கொண்டனர் என்று நான் உறுதிப்படுத்த வேண்டும். சொன்னால் உங்கள் குடும்பம் காட்டோரத்தில் தனித்துப் போகும். சொல்லாவிட்டால் உங்கள் கை. எனக்குத் தாள்களில் நம்பிக்கை இல்லை; பயிற்சிகளிலும் இல்லை. இந்தப் பட்டியை ஆர் மன்னாரில் வீசப் போகிறார்கள், பெட்டிக்குள்ளேயே துருப்பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்து வைத்தேன்.

அது துருப்பிடிக்கவில்லை. ஒன்றரை வருடத்தின் பின், கொண்டச்சிப் பக்கம் பட்டப்பகலில், மணல் டிப்பர் ஒன்று நிறுத்தாமல் வந்தது. நீங்கள் வீசினீர்கள். சரியாகத்தான் வீசினீர்கள். முள்ளுகள் ரயரில் ஏறிப் பட்டி சக்கரத்தோடு சுருண்டபோது, உங்கள் கை கயிற்றை விடவில்லை. மணிக்கட்டு முறிந்தது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணைக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. மன்னாரில் அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தீர்கள். நான் உறுதிப்படுத்திய தாள் மேசையில் கிடந்தது.

கயிற்றைச் சுற்றக் கூடாது என்று சொல்லப்பட்டதா என்று விசாரணை அதிகாரி கேட்டார். அதைத் தமிழில் கேட்டேன்.

“ஓம். வடிவாச் சொன்னவை.”

விளங்கியதா?

“விளங்கினது. பிழை என்னிலைதான் எண்டு சொல்லுங்கோ மிஸ்.”

சொன்னேன். சிங்களத்தில், பிசகில்லாமல். வேறு ஏதும் உண்டா என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னுடைய பேச்சாக ஒரு வாக்கியம் பேச அனுமதி கேட்டிருக்கலாம். அந்த அறையில் கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் எழும்ப முடியாதவள்போல இருந்தேன். நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் கோவையை மூடினார்.

கற்பித்த விதியை மீறியதாகத் தீர்ப்பு. உங்களைக் களஞ்சிய அறைக்கு மாற்றினார்கள். மதிலைப் பார்த்த ஒற்றை யன்னல், அடுக்கிய பெட்டிகள், நடுவில் நீங்கள். முள்ளு மாற்ற வரும் பட்டிகளெல்லாம் உங்களிடம்தான் வந்தன. ஒருமுறை அந்த வழியாக வந்தபோது எட்டிப் பார்த்தேன். “பட்டி எடுக்க வாறவனுக்கு இந்தக் கையைக் காட்டுறன் மிஸ். உங்கடை சார்ஜன் ரெண்டு நாள் சொன்ன பாடம், எனக்கு ரெண்டு நிமிசம்,” என்று சிரித்தீர்கள். நானும் சிரிக்க முயன்றேன். ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் மனைவி தந்ததென்று கருவாட்டுப் பொதி ஒன்றை என் கந்தோர் மேசையில் வைத்துவிட்டுப் போவீர்கள். அவவுக்குத் தெரிந்தால் தருவாவா என்று நினைத்தபடியேதான் பத்து வருடத்துக்கு மேலாக அதைச் சமைத்தேன்.

பிறகு நாலு நாள் காய்ச்சல், போய்விட்டீர்கள். நாற்பத்தொரு வயது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து உங்கள் வீட்டுக்குப் போனேன். வந்தவர்கள் போகும்வரை காத்திருந்தேன். உங்கள் மனைவி கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தா.

“பயிற்சியிலை அவர் கயிறு சுத்தினதை நான் கண்டனான். கண்டிட்டும் கையெழுத்து வைச்சனான்,” என்றேன்.

அவ அடுக்குவதை நிறுத்தவில்லை. “தெரியும் மிஸ். அண்டைக்கே வந்து சொன்னவர், மிஸ் கண்டிட்டா, ஆனா காட்டிக் குடுக்கேல்லை எண்டு. நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்.”

நான் ஒரு கதிரையைத் தூக்கி அவவிடம் கொடுத்தேன்.

“நீங்கள் சொல்லியிருந்தா அவரைத் தூர அனுப்பியிருப்பினம்,” என்றா. கடைசிக் கதிரையைத் தூக்கியவ, அதை அடுக்காமல் அதிலேயே இருந்துவிட்டா. “ஆனா கை இருந்திருக்கும், என்ன?”

ஏச்சு வாங்கத்தான் போயிருந்தேன். நன்றியாக மெழுகுதிரி கொளுத்திய ஒருத்தியின் முன்னால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். தறப்பாளுக்குள் கிடந்த அந்தக் கைப்பிள்ளைதான். இப்போது உயர்தரம் படிக்கிறாள், உங்கள் நெற்றி.

படலைவரை வந்து, “இனியும் வாங்கோ மிஸ்,” என்றா. “வாறன்,” என்றேன். சொன்னபடியே மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறேன். பிள்ளையின் படிப்பு, கிணற்று உப்பு, மீன் விலை எல்லாம் பேசுகிறோம். கையைப் பற்றி அவ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவவும் திரும்பக் கேட்பதில்லை.